நினைவுச் சொல்லை இரவல் வாங்காதீர்கள்

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குத் தினமும் கொமுட்டர் ரயிலில் வந்துபோகும் மாணவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கிள்ளானுக்கு அடுத்த நிலையம் எது? புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று தயங்காமல் சொல்லிக்கொண்டே போவார். திரும்பி வரும்போது தலைகீழாகவும் சொல்லுவார். எந்த நிலையத்தில் கூட்டம் ஏறும், எங்கே இறங்கினால் பேருந்து கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இதற்காக அவர் முதலெழுத்துகளைச் சேர்த்து எந்தச் சொல்லையும் மனப்பாடம் செய்யவில்லை. பாதையில் போய்ப் பழகியதால் பெயர்கள் தாமாகவே மனத்தில் தங்கிவிட்டன.

அதே மாணவர் உயிரியல் புத்தகத்தைத் திறந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் நான்காம் படிவ மாணவர் ஒருவர் இருக்கிறார். மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. மருத்துவம் படிக்கும் தன் அக்காவிடம் கேட்டு, நெஞ்சுக்குள் இருக்கும் பெருந்தமனி வளைவின் கிளைகளுக்கு ஒரு நினைவுச் சொல்லைக் கற்று வந்திருந்தார். “ஏ, பி, சி, எஸ், சார். அவ்வளவுதான்!” என்றார். ஏ என்றால் அயோர்ட்டா, அதாவது பெருந்தமனி. பி என்றால் பிரேக்கியோசெஃபாலிக். “சி?” என்று கேட்டேன். “கொரோனரி” என்றார்.

சரியான விடை கரோட்டிட். மாணவர் சோம்பேறி அல்லர். நான்காம் படிவத்தில் சி என்று தொடங்கும் தமனி என்றால் அவருக்குத் தெரிந்தது கொரோனரி மட்டுமே. அதனால் எழுத்து அவரை அங்கே கொண்டுபோய்விட்டது. கொரோனரி தமனிகளோ வளைவு தொடங்கும் முன்பே, இதயத்தை விட்டு வெளியே வந்த உடனேயே பிரிந்துவிடுபவை. எழுத்து சரி, இடம் தவறு. அன்றிலிருந்து என் மனத்தில் இருக்கும் கருத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்: நினைவுக் குறிப்பு நல்லது. ஆனால் இரவல் வாங்கிய நினைவுக் குறிப்பு பெரும்பாலும் கை கொடுக்காது.

முதலில் அந்தத் தமனியைப் பார்த்துவிடுவோம். உங்கள் தொண்டைக்குக் கீழே, மார்பெலும்பின் மேல் விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதிலிருந்து விரலைக் கீழே நகர்த்துங்கள். சுமார் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். இரண்டாவது விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் இடம் அது. பெருந்தமனி வளைவு தொடங்குவதும் முடிவதும் ஏறத்தாழ இந்த மட்டத்தில்தான். இதயத்திலிருந்து மேலே ஏறி வரும் பெருந்தமனி, இந்த மேட்டுக்குப் பின்னால் வளைந்து, பின்புறமாகவும் இடப்புறமாகவும் திரும்பி, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. கைத்தடியின் வளைந்த பிடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிடியின் மேலிருந்து வழக்கமாக மூன்று குழாய்கள் கிளம்புகின்றன. முதலாவது பிரேக்கியோசெஃபாலிக் தமனி. இது சற்று மேலே போனதும் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வலது கைக்கும் மற்றொன்று தலையின் வலப்பக்கத்துக்கும் இரத்தம் கொண்டு செல்கிறது. இரண்டாவது, தலையின் இடப்பக்கத்துக்குப் போகும் இடது பொதுக் கரோட்டிட் தமனி. மூன்றாவது, இடது கைக்குப் போகும் இடது சப்கிளேவியன் தமனி.

இப்போது ஏ, பி, சி, எஸ் என்பதை மறுபடியும் பாருங்கள். இந்த நான்கு எழுத்தில் கை இருக்கிறதா? தலை இருக்கிறதா? வலது, இடது இருக்கிறதா? எதுவும் இல்லை. பெயர்களின் வரிசை மட்டும் இருக்கிறது. பெயர்களை ஏற்கெனவே அறிந்தவருக்கு அந்த வரிசை உதவும். அறியாதவருக்கு அது பூட்டில்லாத சாவி.

நினைவுக் குறிப்பே வேண்டாம், புரிந்துகொண்டால் போதும் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நினைவில் வைக்க வழி செய்வதில் நம்முடையது நீண்ட மரபு. அகராதி போன்ற நிகண்டுகளையே செய்யுளாக எழுதிப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கியவர்கள் நம் முன்னோர். இன்றும் நம் கண் முன்னால் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸிலோ வேறு எங்கோ கர்நாடக இசை கற்றவர்கள் உங்களில் இருப்பீர்கள். சரளி வரிசையை நீங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் பாடியிருப்பீர்கள். 72 மேளகர்த்தா ராகங்களில் அது எத்தனையாவது என்று பெயரே சொல்லிவிடும். எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி என்ற முறை ஒன்று உண்டு. வடமொழியின் ப வரிசையில் ம ஐந்தாவது எழுத்து, ஆகவே ‘மா’ என்றால் 5. ய வரிசையில் ய முதல் எழுத்து, ஆகவே ‘யா’ என்றால் 1. 51 என்பதைத் திருப்பிப் போட்டால் 15. மாயாமாளவகௌளை பதினைந்தாவது மேளம்.

இந்த முறையில் நான் வியப்பது வேறொன்று. 15 என்ற எண் கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. மேளகர்த்தா அட்டவணை அமைந்திருக்கும் முறையை அறிந்தவர், அந்த எண்ணை வைத்தே ராகத்தில் எந்தெந்தச் சுரங்கள் வரும் என்று கணக்கிட்டுவிடலாம். அதாவது பெயர் எண்ணுக்கு வழி காட்டுகிறது, எண் ராகத்துக்கு வழி காட்டுகிறது. நல்ல நினைவுக் குறிப்பு அப்படித்தான் இருக்க வேண்டும். அது வெறும் பெயர்ப்பட்டியலைத் தரக்கூடாது. நாம் கற்கும் பொருளுக்குள் நம்மை அழைத்துப் போக வேண்டும்.

ஏ, பி, சி, எஸ் அப்படி அழைத்துப் போகாததற்கு மொழியும் ஒரு காரணம். நம் பிள்ளைகள் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படிக்கிறார்கள். பிறகு இடைநிலைப்பள்ளியில் அதே அறிவியல் மலாயிலோ ஆங்கிலத்திலோ வருகிறது. ‘தமனி’ என்று படித்தது ‘ஆர்த்தெரி’ ஆகிறது. அதற்கு மேல் கிரேக்கமும் இலத்தீனும் கலந்த பெயர்கள் வந்து உட்காருகின்றன. இத்தனையையும் ஆங்கில முதலெழுத்துகளால் கட்டிப் பிடிக்கச் சொன்னால், மனத்தில் நிற்காதபோது பிள்ளை என்ன முடிவுக்கு வருகிறது? “எனக்கு அறிவியல் வராது” என்ற முடிவுக்கு. இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான். குறை பிள்ளையிடம் இல்லை, கொடுத்த கருவியில் இருக்கிறது.

அந்தப் பெயர்களைப் பிரித்துப் பாருங்கள், பயம் போய்விடும். பிரேக்கியோ என்றால் கை, செஃபாலிக் என்றால் தலை. கைக்கும் தலைக்கும் போவது என்று பெயரே சொல்கிறது. சப் என்றால் கீழே, கிளேவியன் என்பது கிளேவிக்கிள், அதாவது காறை எலும்பு. காறை எலும்புக்குக் கீழே போவது என்று பொருள். கரோட்டிட் என்பது மயக்கம் தரும் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கழுத்தின் இருபக்கமும் உள்ள அந்தத் தமனிகளை அழுத்தினால் மயக்கம் வரும் என்பதைப் பழங்காலத்தவர் அறிந்திருந்தார்கள். அதனால்தான் கழுத்தில் நாடி பார்க்கும்போது ஒரு பக்கம் மட்டும், அதுவும் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தவே கூடாது.

பொருள் தெரிந்த பிறகு எங்கள் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். ஏ, பி, சி, எஸ்ஸை மறந்துவிட்டு உங்கள் சொந்த நினைவுக் குறிப்பை நீங்களே செய்யுங்கள் என்றேன். பத்து நிமிடம் ஒரே சத்தம். கடைசியில் கிடைத்தது இதுதான்: கை, தலை, தலை, கை.

எழுந்து நின்று செய்து பாருங்கள். வலது கையை உயர்த்துங்கள், வலது கன்னத்தைத் தொடுங்கள், இடது கன்னத்தைத் தொடுங்கள், இடது கையை உயர்த்துங்கள். வளைவிலிருந்து இரத்தம் போகும் வரிசை இதுவே. நான்கு இடங்கள், ஆனால் குழாய்கள் மூன்று. ஏன்? அதற்கும் ஒரு மாணவி வழி சொன்னார்: “வலப்பக்கம் கூட்டுக் குடும்பம், இடப்பக்கம் தனிக்குடித்தனம்.” வலது கையும் வலது தலையும் ஒரே வாசல் வழியாகக் கிளம்பிப் பிறகு பிரிகின்றன. இடது தலைக்கும் இடது கைக்கும் தனித்தனி வாசல். இடது பிரேக்கியோசெஃபாலிக் தமனி என்று ஒன்று ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. புத்தகத்துப் படத்தில் உடலின் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகத் தெரியும், நம் எதிரே ஒருவர் நிற்பதுபோல. இதில் தடுமாறாத மாணவரே கிடையாது. தன் கையையும் கன்னத்தையும் தொட்டுக் கற்றவர், படத்தில் இருப்பவரின் வலது கை எது என்று முதலில் தேடுகிறார். தடுமாற்றம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

சொந்தமாகச் செய்த குறிப்பு ஏன் நன்றாக நிற்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. 1969-இல் கார்டன் பவரும் மைக்கேல் கிளார்க்கும் மாணவர்களுக்குப் பத்துப் பத்துச் சொற்களாகப் பன்னிரண்டு பட்டியல்கள் கொடுத்தார்கள். ஒரு குழுவினர் சொற்களைக் கோத்துத் தாங்களே கதை கட்டினார்கள். மற்றக் குழுவினர் வழக்கம்போல் படித்தார்கள். எல்லாப் பட்டியல்களும் முடிந்த பிறகு கேட்டபோது, கதை கட்டியவர்களுக்குச் சுமார் 93 விழுக்காட்டுச் சொற்கள் நினைவில் இருந்தன. மற்றவர்களுக்குச் சுமார் 13 விழுக்காடுதான். 1978-இல் ஸ்லாமெக்காவும் கிராஃபும் செய்த ஆய்வு, நாம் வாசித்த சொல்லைவிட நாமே உருவாக்கிய சொல் நன்றாக நினைவில் நிற்கிறது என்று காட்டியது. 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் இன்னொன்றைக் கண்டார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். புத்தகத்தை மூடிவிட்டுத் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். எஸ்.பி.எம். தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

உடற்கூற்றியலைத் தமிழில் நினைக்க முடியுமா என்று சந்தேகப்படுவோருக்கு வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அதற்காக முதலில் தாம் தமிழ் கற்றார். கலைச்சொற்களை உருவாக்கினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூல் 1872-இல் வெளிவந்தது. இங்கே பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை செய்ய வந்தவர்களில் பலர் அதே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். 1904-இல் விவேகானந்தா ஆசிரமத்தைத் தொடங்கியவர்களும் அவர்களே. தமனியைத் தமிழில் நினைப்பது நமக்குப் புதிதல்ல.

இதற்காகத் தேர்வில் தமிழில் எழுதுங்கள் என்று சொல்லவில்லை. தேர்வு மொழியில் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதத்தான் வேண்டும். புரிந்துகொள்வதும் நினைவில் வைப்பதும் உங்களுக்கு மிக நெருங்கிய மொழியில் நடக்கட்டும். விடைத்தாள் மொழிக்கு அதன் பிறகு போகலாம். பொருள் ஏற்கெனவே மனத்தில் இருந்தால், பெயர் மாற்றுவது ஒரு சட்டையைக் கழற்றி வேறு சட்டை போடுவதுபோல எளிது.

நான் சொல்லும் முறைக்கும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கை, தலை, தலை, கை என்பது எல்லா மனிதருக்கும் பொருந்தாது. சிலருக்கு இடது பொதுக் கரோட்டிட் தமனி முதல் கிளையோடு சேர்ந்தே கிளம்பும். அப்போது வளைவில் இரண்டு வாசல்தான். வேறு சிலருக்கு மூளைக்குப் போகும் இடது முதுகெலும்புத் தமனி நேராக வளைவிலிருந்தே வரும். அப்போது நான்கு வாசல். நூற்றில் ஒருவர் அளவில், வலது கைக்கான தமனி வரிசையில் கடைசியாகக் கிளம்பி, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போகும். நாம் கருவாக இருந்தபோது இருபக்கமும் தமனி வளைவுகள் தோன்றின. பிறகு சில மறைந்து சில நிலைத்தன. பாலூட்டிகளில் இடப்பக்க வளைவு பெருந்தமனியாக நிலைக்கிறது, பறவைகளில் வலப்பக்க வளைவு நிலைக்கிறது. எது மறைகிறது, எது நிலைக்கிறது என்பதில் ஏற்படும் சிறு மாற்றமே இந்த வேறுபாடுகளுக்குக் காரணம். எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் இதைக் கேட்டால் குழம்புவார். வழியை அறிந்தவர், “ஓ, இங்கே பாதை மாறியிருக்கிறது” என்று புரிந்துகொள்வார். அறுவை மருத்துவர்கள் ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்த பிறகே கத்தியைத் தொடுவதும் இதனால்தான்.

“சார், இதெல்லாம் எஸ்.பி.எம்.மில் வராதே” என்று ஒரு குரல் எழும். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. வளைவின் மூன்று கிளைகளின் பெயரைக் கேட்கமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வழியைத் தொடர்ந்து செல்லும் பழக்கம் எல்லாக் கேள்விக்கும் உதவும். அடுத்த வழியைப் பாருங்கள். வரிசையில் கடைசி ‘கை’, அதாவது இடது சப்கிளேவியன். அதிலிருந்து ஒரு மெல்லிய கிளை கீழ்நோக்கி இறங்குகிறது. பெயர் உள்மார்புத் தமனி. மார்பெலும்பின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு விரற்கடை தள்ளி, விலாக் குருத்தெலும்புகளுக்குப் பின்னால் அது ஓடுகிறது. வலப்பக்கத்திலும் இதுபோல் ஒன்று உண்டு. ஒவ்வொரு விலா இடைவெளிக்கும் சிறு கிளை கொடுத்துக்கொண்டே போய், ஆறாவது இடைவெளியில் இரண்டாகப் பிரிகிறது. ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று போவதுபோலத்தான்.

இந்தச் சின்னத் தமனி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியக் கொரோனரி தமனி அடைபட்டால், இடது உள்மார்புத் தமனியின் கீழ்முனையை வெட்டி, அடைப்பைத் தாண்டிய இடத்தில் தைத்துவிடுகிறார்கள். மேல்முனை சப்கிளேவியனோடு ஒட்டியே இருப்பதால் இரத்தம் தானாக வந்துகொண்டிருக்கும். 1964-இல் லெனின்கிராடில் வசிலி கொலெசோவ் இதைச் செய்தார். இந்தத் தமனியைப் பயன்படுத்தியவர்கள், காலிலிருந்து எடுத்த சிரையை மட்டும் வைத்துத் தைக்கப்பட்டவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 1986-இல் பத்தாண்டுக் கணக்கை வெளியிட்டார்கள். காரணம், உள்மார்புத் தமனியில் கொழுப்புப் படிவது மிகக் குறைவு. கோலாலம்பூரில் 1992-இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகத்திலும், உலகெங்கும் உள்ள இதய மருத்துவமனைகளிலும் பைபாஸ் என்றால் பெரும்பாலும் முதலில் தேடுவது இந்தத் தமனியைத்தான். உங்கள் உறவினர் வட்டத்திலேயே ‘பைபாஸ்’ செய்துகொண்டவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று இப்போது உங்களால் அவருக்கே விளக்க முடியும். ‘எஸ்’ என்ற எழுத்தால் இதைச் சொல்ல முடியாது.

ஆகவே என் கருத்தை மூன்று வேண்டுகோளாகச் சுருக்குகிறேன். முதலில் படத்தைப் பாருங்கள், உங்கள் உடலில் அந்த இடத்தைத் தொடுங்கள், பெயரின் பொருளைக் கேளுங்கள். அதன் பிறகு நினைவுக் குறிப்பை உங்கள் மொழியில், உங்கள் நண்பர்களோடு சேர்ந்து, நீங்களே செய்யுங்கள். சிரிப்பு வந்தால் இன்னும் நல்லது. மூன்றாவதாக, புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் வரைந்து பாருங்கள். நாளை ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை. வரைய முடியவில்லை என்றால் குறிப்பை மாற்றுங்கள், உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் உள்ள நினைவுச் சொற்களை மாணவர்களுக்குக் கொடுக்கும் முன் பத்து நிமிடம் பொறுங்கள். அவர்கள் செய்வது உங்களுடையதைவிடச் சுமாராக இருக்கலாம். ஆனால் அது அவர்களுடையதாக இருக்கும்.

கொரோனரி என்று சொன்ன அந்த மாணவர் இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கிறார். போன வாரம் புதிதாக வந்த ஒரு தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். இருவரும் எழுந்து நின்று கையை உயர்த்துவதும் கன்னத்தைத் தொடுவதுமாக இருந்தார்கள். தம்பி கேட்டார்: “அண்ணே, அப்போ கால்களுக்கு எந்த வழியாப் போகுது?” நல்ல கேள்வி. கைத்தடியின் பிடியைப் பிடித்தாயிற்று, இனித் தடி வழியே கீழே இறங்க வேண்டியதுதான். அந்த வழியை நீங்களும் தேடிப் பார்த்து, நினைவில் நிற்க உங்கள் சொல் ஒன்றைச் செய்து வையுங்கள்.